பழைய எண், புதிய எண்: ஒரே கணினியில் பல பைத்தான்கள்

சென்னையின் பழைய தெருக்களில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். வாசல் சுவரில் 'புதிய எண் 27, பழைய எண் 12' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏழெட்டு வீடு தள்ளிப் போனால் இன்னொரு சுவரில் 'புதிய எண் 12, பழைய எண் 5' என்றிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் வெறும் 12 என்று எழுதி அனுப்பினால், தெருவை அறிந்த தபால்காரர் கையில் கிடைத்தால் பிழைத்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்த கூரியர் இளைஞரிடம் போனால் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் விழும். அந்த வீட்டுக்காரர் 'இது எங்களுக்கு இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டால் நல்லது. பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு, மொய்க்கவரோடு முகூர்த்தத்துக்கே வந்து நின்றால்தான் சங்கடம்.

கணினியில் 'பைத்தான்' என்ற நிரல்மொழியின் பெயரைத் தட்டி என்டர் விசையை அழுத்துவதும் வெறும் 12 என்று விலாசம் எழுதுவதும் ஒன்றுதான். அந்தப் பெயரில் உங்கள் கணினியில் வெவ்வேறு பதிப்புகளாக இரண்டு பேர் குடியிருக்கலாம், நான்கு பேரும் இருக்கலாம். கதவைத் திறப்பவர் யார் என்பது உங்களைக் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது. அது எப்படி முடிவாகிறது, அந்த முடிவை நாமே எடுப்பது எப்படி என்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் பைத்தானை வைத்தே பேசுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே வந்துவிட்ட மொழி என்பதால் பலருக்கும் கொஞ்சம் பழக்கம் இருக்கும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் லாரிக் கணக்கு

மடிப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் செலவை எட்டாகப் பிரித்து, மாதக் கடைசியில் மாடிப்படி அருகே உள்ள பலகையில் ஒட்டுவது சங்கச் செயலாளரின் வேலை. அதற்காக 2013இல், அப்போது இரண்டாவது மாடியில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் பைத்தானில் ஒரு சின்ன நிரல், அதாவது ஸ்கிரிப்ட், எழுதிக் கொடுத்தார். அவர் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டார். ஸ்கிரிப்ட் இங்கேயே தங்கிவிட்டது. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, தெருவெல்லாம் லாரிச் சத்தமாக இருந்த நாட்களில் அதற்கு ஓய்வே இருக்கவில்லை.

சென்ற ஆண்டு செயலாளரின் பழைய கணினி உயிரை விட்டது. மகன் வாங்கித் தந்த புது மடிக்கணினியில் பைத்தான் 3.12ஐ நிறுவி, பென் டிரைவில் பத்திரமாக வைத்திருந்த ஸ்கிரிப்டை ஓட்டினார். ஓடவில்லை. மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கணக்கே போடமாட்டேன் என்கிறது. வைரஸாக இருக்குமோ?"

"வைரஸ் இல்லை சார், வயது" என்றேன்.

அந்த ஸ்கிரிப்ட் பைத்தான் 2.7க்காக எழுதப்பட்டது. பைத்தான் 2 வரிசை 2000இல் தொடங்கியது. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தது. மொழியில் தங்கிப்போன பழைய கோணல்களை நிமிர்த்துவதற்காக, ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே செய்த மாற்றம் அது. 2010இல் வந்த 2.7க்கான ஆதரவை 2015இல் முடித்துக்கொள்வதாகத்தான் முதலில் திட்டம். நிரல்களை மாற்றி எழுத ஊருக்கு அவகாசம் போதவில்லை என்பதால் 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். ஆக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு மொழிகள் பதினோரு ஆண்டுகள் ஒரே பெயரில் வாழ்ந்தன. நம் தெருச் சுவர்களைப் போலவே.

செயலாளரின் ஸ்கிரிப்ட் நின்ற இடம் 'பிரிண்ட்'. பைத்தான் 2இல் அது ஒரு கட்டளைச் சொல். பக்கத்தில் எழுதியதைத் திரையில் காட்டும். பைத்தான் 3இல் அது ஒரு செயற்கூறு. காட்ட வேண்டியதை அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அடைப்புக்குறியைக் காணோம் என்று வரி எண்ணோடு சொல்லிவிட்டு நின்றுவிடும். இந்த வகைப் பிழையை நான் தங்கமான பிழை என்பேன். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரர் இது. பத்து நிமிடத்தில் அடைப்புக்குறிகளைப் போட்டேன், ஸ்கிரிப்ட் ஓடியது, காப்பி குடித்தோம்.

நான்கு நாள் கழித்து மூன்றாவது மாடி அக்கா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார்: "லாரிக்கு எப்போதும் 437 ரூபாய்தானே ஒரு வீட்டுக்கு? இந்த மாதம் மட்டும் ஏன் 437.5?"

லாரிக்கு 3,500 ரூபாய், வீடுகள் எட்டு. வகுத்தால் 437.5. மூன்றாம் பைத்தான் சொன்னது சரியான விடை. இரண்டாம் பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். ஆகவே 437. எட்டு வீட்டிலும் வசூலித்தால் 3,496. லாரிக்காரருக்கு 3,500 கொடுத்தாக வேண்டும். சங்க நிதியில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு சில்லறை உதைப்பதற்குக் காரணம் தெரியாமல் செயலாளர் பல பொதுக்குழுக்களில் நெளிந்திருக்கிறார். காரணம் இந்த வெட்டுதான்.

இங்கே எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வரி, இரண்டு பதிப்புகள், இரண்டு விடைகள். இரண்டுமே அமைதியாக வந்தன. மொய்க்கவரோடு வந்து நின்றவர் இவர்தான். பல பதிப்புகள் குடியிருக்கும் கணினியில் நாம் அஞ்ச வேண்டியது நின்றுபோகும் ஸ்கிரிப்டுக்கு அல்ல, தவறான பதிப்பில் சமர்த்தாக ஓடி முடிக்கும் ஸ்கிரிப்டுக்கு.

இன்னொரு வேறுபாடு நமக்கு மிகவும் நெருக்கமானது. அந்தப் பட்டியலில் வீட்டுக்காரர்களின் பெயர்கள் தமிழில் இருந்தன. நெடுவரிசைகளை நேராக நிறுத்த, பெயரில் எத்தனை எழுத்து என்று ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்க்கும். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கோப்பு, எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருந்தால், இந்தச் சொல்லின் நீளம் பைத்தான் 2இல் 15. அதே சொல் பைத்தான் 3இல் 5. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும். மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பைத்தான் 2 மேற்கோள்குறிக்குள் இருப்பதை வெறும் பைட்டுகளாகப் பார்க்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட் பிடிக்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஐந்தை மூன்றால் பெருக்கினால் பதினைந்து. பைத்தான் 3 பைட்டுகளை விட்டுவிட்டு யுனிகோடு குறிகளை எண்ணுவதால் ஐந்து. த, மி, ழ் என்று நாம் எண்ணும் மூன்றுக்கு இரண்டு பதிப்பிலுமே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குப் பதிப்பு என்பது வெறும் நிர்வாகச் சிக்கல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியது பழைய கதை என்று நினைத்தால், மூன்றுக்குள்ளேயும் இது நடக்கிறது. 2020 அக்டோபரில் வந்த 3.9 தொடங்கி ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2023இல் வந்த 3.12, மற்ற தொகுப்புகளை நிறுவ உதவிவந்த 'டிஸ்ட்யூடில்ஸ்' என்ற பழைய தொகுப்பையே நீக்கிவிட்டது. பொறியியல் கல்லூரிகளில் சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகள் பலவும் இப்படிப்பட்ட நீக்கங்களில்தான் தடுக்கி விழுகின்றன. ரிச்சி தெருவில் வாங்கிய சென்சார் கெட்டுப்போய்விட்டது என்று மாணவர் திரும்பக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். குற்றவாளி மடிக்கணினியில் உட்கார்ந்திருக்கும்.

கதவைத் திறப்பது யார்?

கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால், கணினி அந்தப் பெயருள்ள நிரலை எங்கெல்லாம் தேடும்? அதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் 'பாத்'. அதில் கோப்புறைகளின் முகவரிகள் வரிசையாக இருக்கும். முதல் கோப்புறையைத் திறந்து பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு நிரல் இருந்தால் அதையே ஓட்டிவிடும், அடுத்ததைப் பார்க்காது. இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது. தெருமுனையிலிருந்து நடந்துவரும் கூரியர் இளைஞர், 12 என்ற எண் கண்ணில் பட்ட முதல் வீட்டிலேயே பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போவதைப் போல. எது புதியது, எது நல்லது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. வரிசையில் முந்தி நிற்பவருக்கே வெற்றி.

எனவே எதையும் நிறுவுவதற்கும் நீக்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, இப்போது பதில் சொல்பவர் யார் என்று கேட்பது. லினக்ஸிலும் மேக்கிலும் 'விச்' (which) என்று தட்டி, இடைவெளி விட்டு 'பைத்தான்3' என்று தட்டினால் அதன் முழு முகவரியைக் காட்டும். நடுவில் ஒரு சிறு கோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்தால், முதலில் கிடைத்ததை மட்டுமல்ல, அந்தப் பெயரில் உள்ள எல்லோரையும் வரிசைப்படி சொல்லும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இதற்கு 'வேர்' (where) என்று ஒரு கட்டளை. பிறகு 'பைத்தான்' என்ற பெயரை அடுத்து இரண்டு கோடும் 'வெர்ஷன்' என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால் பதிப்பு எண் வரும். இந்த இரண்டையும் செய்யாமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை ஒட்டிப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சில விசித்திரங்களையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானே நிறுவாத விண்டோஸ் 10, 11 கணினிகளில் 'பைத்தான்' என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். அது பிழை அல்ல. அந்தப் பெயரில் அங்கே ஒரு காவலாளியை உட்கார வைத்திருக்கிறார்கள், அவர் கடையைக் காட்டுகிறார். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் 'பைத்தான்' என்று தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று வரும், 'பைத்தான்3' என்றால்தான் கதவு திறக்கும். முழு விலாசத்தை எழுதும்படி அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது என் மடத்தனம். சில ஆண்டுகளுக்கு முன் என் லினக்ஸ் கணினியில், 'பைத்தான்3' என்ற பெயர் பழைய பதிப்பைக் காட்டுகிறதே என்று, அந்தப் பெயரை நானாகவே புதிய பதிப்புக்குத் திருப்பிவிட்டேன். அன்று இரவு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை டெர்மினல் சாளரமே திறக்கவில்லை. மென்பொருள் புதுப்பிக்கும் நிரலும் முரண்டு பிடித்தது. லினக்ஸின் உள்வேலைகள் பலவற்றையும் பைத்தான் ஸ்கிரிப்டுகளே செய்கின்றன, அவை தங்களோடு வந்த பதிப்பை நம்பி எழுதப்பட்டவை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெருவில் எல்லோருடைய கதவெண்ணையும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி எழுதிவிட்டு, காலையில் பால் வரவில்லையே என்று நின்றதைப் போன்றது. கணினியோடு வந்த பைத்தானைத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டியதைப் பக்கத்தில் தனியாகக் குடிவையுங்கள். பழையதை நீக்கிவிட்டால் குழப்பம் தீரும் என்று தோன்றும். தீராது, இடம் மாறும்.

முழு விலாசம் எழுதும் முறைகள்

மிக எளிய முறை, பதிப்பு எண்ணைப் பெயரோடு சேர்த்தே கூப்பிடுவது. லினக்ஸிலும் மேக்கிலும் 'பைத்தான்3.11' என்று தட்டினால், அது நிறுவப்பட்டிருக்கும் வரை, 3.11தான் வரும். விண்டோஸில் 'பை' (py) என்று இரண்டே எழுத்தில் ஒரு ஏவி நிரல் இருக்கிறது. 2012இல் வந்த 3.3இலிருந்து பைத்தானோடு சேர்ந்தே கிடைக்கிறது. 'பை' என்று தட்டி, சிறு கோடு போட்டு 3.11 என்றால் அதையும், 2.7 என்றால் அதையும் எழுப்பும். கோட்டுக்குப் பின்னால் பூஜ்யம் போட்டால் கணினியில் உள்ள எல்லாப் பதிப்புகளையும் பட்டியலிடும். விண்டோஸில் பயில்பவர்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த 'பை'யை மட்டும் கற்றுக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

அடுத்தது, விலாசத்தை ஸ்கிரிப்டின் நெற்றியிலேயே எழுதி ஒட்டுவது. கோப்பின் முதல் வரி #! என்ற இரண்டு குறிகளோடு தொடங்கினால், லினக்ஸும் மேக்கும் அதை அடுத்து எழுதப்பட்டிருக்கும் நிரலை வைத்தே அந்தக் கோப்பை ஓட்டும். ஷெபாங் வரி என்பார்கள். விண்டோஸின் 'பை' ஏவியும் இதைப் படிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செயலாளர் ஐகானை இரட்டைச் சொடுக்கினால் போதும், முதல் வரியில் எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறதோ அது தானாக வரும். டெர்மினலின் கறுப்புத் திரையை அவருக்குக் காட்டவே தேவையில்லை.

இனி 'பிப்'. கூடுதல் தொகுப்புகளைத் தரவிறக்கும் நிரல் இது. ஒவ்வொரு பைத்தானுக்கும் தனி பிப் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பிப் 3.8இன் வீட்டில் பொருளை இறக்கிவிட்டுப் போயிருக்கும், ஸ்கிரிப்டோ 3.12இன் வீட்டில் தேடிக்கொண்டு, அப்படியொரு தொகுப்பே இல்லை என்று சொல்லும். 'நேற்றுதானே நிறுவினேன்' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிப்பை நேராகக் கூப்பிடாமல், எந்தப் பைத்தானுக்கு வேண்டுமோ அதைக் கூப்பிட்டு, சிறு கோடும் 'எம்' எழுத்தும் போட்டு, அதன் மூலமாகப் பிப்பை ஓட்டுங்கள். பிறகு வீடு மாறிப் போகாது.

ஒரே பதிப்பைப் பயன்படுத்தும் இரண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒரே தொகுப்பின் வெவ்வேறு பதிப்புகள் தேவைப்பட்டால்? அதற்குத்தான் மெய்நிகர் சூழல். பைத்தானோடு வரும் 'வென்வ்' (venv) என்ற கருவி ஒரு கோப்புறையை உருவாக்கி, அந்த ப்ராஜெக்ட்டின் தொகுப்புகளை மட்டும் அதற்குள் வைத்துக்கொள்ளும். இதை இயக்கிவிடுவது என்பது ஏதோ மாயம் என்று தொடக்கத்தில் தோன்றும். அது செய்வது ஒன்றுதான்: தன் கோப்புறையைப் பாத் பட்டியலின் முதல் இடத்தில் செருகிவிடுகிறது. கூரியர் இளைஞர் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் முதல் வீடாக அது ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு எச்சரிக்கைகள். வென்வ் உங்களுக்குப் புதிய பதிப்பைக் கொண்டுவந்து தராது, 3.10ஐ வைத்து உருவாக்கினால் உள்ளே இருப்பதும் 3.10தான். அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினால் உள்ளே எழுதிவைத்த முகவரிகள் பொய்யாகிவிடும். நகர்த்தாமல், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

பதிப்புகளையே வரவழைத்து நிர்வகிக்க 'பையென்வ்' இருக்கிறது, அண்மையில் வந்த 'யூவி' இருக்கிறது. பையென்வ் பாத் பட்டியலின் முன்வரிசையில் ஒரு பதிலாளை நிறுத்துகிறது. நீங்கள் பைத்தானைக் கூப்பிட்டால் பதிலாள் வந்து, இந்தக் கோப்புறையில் எந்தப் பதிப்பு வேண்டுமென்று குறிப்புக் கோப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற பதிப்பிடம் வேலையை ஒப்படைக்கிறார். நான்கைந்து ப்ராஜெக்ட்டுகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது வரம். ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் செயலாளர் சாருக்கு இதெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் மாறும். நோட் ஜேஎஸ் எழுதுபவர்களுக்குப் பதிப்புகளை நிர்வகிக்க 'என்விஎம்'. ஜாவாவில் நிரலை முன்கூட்டியே தொகுப்பதால் (கம்பைல் செய்வதால்) தொகுத்த கோப்பிலேயே ஒரு பதிப்பு முத்திரை விழுந்துவிடுகிறது: ஜாவா 8க்கு 52, 17க்கு 61. ஜாவா 17இல் தொகுத்ததை 8இல் ஓட்டினால் இந்த இரண்டு எண்களையும் சொல்லியே மறுத்துவிடும். சி++ வேறு வழியில் போகிறது: ஒரே தொகுப்பியிடம் 1998ஆம் ஆண்டின் தரத்தில் படி, 2017ஆம் ஆண்டின் தரத்தில் படி என்று சொல்லலாம். நம் கல்லூரி ஆய்வகங்களில் மிகப் பழைய தொகுப்பியான டர்போ சி++இன் நீலத் திரையில் பழகியவர்கள் வேலைக்குப் போன முதல் வாரத்தில் திகைத்து நின்றதும் பதிப்புப் பிரச்சினையால்தான். அதை அப்போது யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

செயலாளரின் மடிக்கணினியில் கடைசியில் 2.7ஐயும் 3.12க்குப் பக்கத்திலேயே நிறுவினேன். ஆதரவு முடிந்த பதிப்பை இணையத்தோடு பேசும் வேலைகளுக்குப் பயன்படுத்துவது ஆபத்து. பழைய கணக்கைச் சரிபார்க்க மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாண்டு லாரி ரசீதுகளை எடுத்து, பழைய ஸ்கிரிப்டைப் பழைய பைத்தானிலும் திருத்தியதைப் புதியதிலும் ஓட்டி, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தானாக மாற்றித் தரும் 'டூ டு த்ரீ' என்ற கருவி உண்டு, ஆனால் அது பிரிண்ட்டைத் திருத்துமே தவிர வகுத்தலைத் தொடாது; அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு 437 ரூபாய் 50 பைசா என்று வசூலிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே புதிய பைத்தானிலும் முழு எண் விடை தரும் வகுத்தல் குறியான இரட்டைச் சாய்கோட்டையே (//) போட்டு, விட்டுப்போகும் நான்கு ரூபாயைத் தனி வரியில் காட்டச் சொன்னேன்.

இப்போது பலகையில் 'பற்றாக்குறை ரூ. 4, சங்க நிதியிலிருந்து' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அந்த நான்கு ரூபாயை யார் தருவது என்று மூன்றாவது மாடி அக்கா அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறாராம்.